வரப்பில் விழுந்த பந்து

பந்தை இடது கையால் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, "வரப்பு" என்றேன்.

நடுவர் நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் விரித்து, அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்திருந்தார். கழுத்தை நீட்டி, "என்னம்மா சொன்ன?" என்று கேட்டார்.

"வரப்பு சார். கோட்டுல விழுந்துச்சு. திரும்பப் போடணும்."

"ஆடிக்கிட்டு இருக்கறப்ப பந்தை எதுக்கும்மா பிடிச்ச?"

"வரப்புல விழுந்தா பொதுதானே சார்?"

அவர் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவள் நில அளவைப் பிரிவில் வேலை பார்ப்பவள், எனக்குப் பத்து வயது இளையவள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பந்தைப் பிடித்த குற்றத்துக்காக அந்தப் புள்ளியை நடுவர் அவளுக்கே கொடுத்துவிட்டார்.

தஞ்சாவூரில் அரசு ஊழியர்களுக்கான விளையாட்டுப் போட்டி, பெண்கள் டென்னிஸ். அந்த ஒரு புள்ளியை எடுத்திருந்தால் ஆட்டம் முடிந்து, நான் ஜெயித்திருப்பேன். ஜெயித்திருந்தால் பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நெற்களம் எனக்கு. தோற்றால் அந்த இடத்தில் அறுவடை மெஷினுக்கு ஷெட். இது எங்கள் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், போட்ட தீர்ப்பு.

அவர் சொன்ன சொல் மாறாதவர்.

எலிகள் மன்னிக்கவும்

போன வாரம் இந்தப் பத்தியில், நான் வேலை பார்க்கும் விதைப் பரிசோதனை நிலையத்து எலிகளைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு வாசகர், "அம்மணி, எலியை விட்டுவிட்டு டென்னிஸ் ஆடிய கதையை எழுதுங்கள், அது எப்படி ஒரு களத்துமேட்டில் நடந்தது" என்று கேட்டிருந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் கேலி தெரிகிறது.

விதைப் பரிசோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத்தாளில் நெல்லைப் பரப்பி, எத்தனை முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பது. முப்பது வயதில் எனக்குக் கழுத்து வலி வந்ததற்கு அதுதான் காரணம். "கையைத் தூக்கி வீசற மாதிரி ஏதாவது செய்யுங்க" என்றார் டாக்டர். அவர் மனதில் என்ன நினைத்தாரோ, நான் டென்னிஸ் மட்டையை எடுத்தேன்.

சீனாக்கா

மட்டையை எடுத்ததற்கு டாக்டர் பாதிக் காரணம். மீதிப் பாதி ஒரு சீனப் பெண்.

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு அவர் பெயர் தெரியும். எங்கள் வீட்டில் அதை ஆளுக்கொரு விதமாகக் கொலை செய்ததால் இங்கே எழுதவில்லை. கடைசியில் அவருக்கு எங்கள் வீட்டில் நிலைத்த பெயர் சீனாக்கா.

எனக்குக் கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் குமரவேல் அப்போது சிங்கப்பூரில், பணக்காரக் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு வேலையில் இருந்தார். நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்வது, டென்னிஸ் வலை கிழிந்தால் தைப்பது, கோடு அழிந்தால் பெயிண்ட் அடிப்பது. டென்னிஸ் மைதானத்தின் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். டென்னிஸ் தெரியாது. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

ஒருநாள் போன் செய்தார். "வசந்தி, இங்க வாட்ச்மேன் ரூம்ல ஒரே கூத்து. பாரிஸ்ல ஒரு சீனாக்காரி செம்மண்ணுல ஜெயிச்சுட்டா. மாடியிலேர்ந்து ஆளுங்க எல்லாம் எறங்கி வந்து குதிக்கிறாங்க."

"செம்மண்ணுலயா? நம்ம பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கற மாதிரியா?"

"அதைவிடச் செவப்பு."

ஆசியாவிலிருந்து ஒருவர் அவ்வளவு பெரிய ஒற்றையர் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்கப் படிக்க அந்த அம்மாள் மேல் எனக்குப் பிரியம் வந்தது. சின்ன வயதில் அப்பா அவரைப் பேட்மின்டனில் சேர்த்திருக்கிறார். கை வீசுகிற வாகைப் பார்த்த யாரோ டென்னிசுக்கு மாற்றிவிட்டார்கள். அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. நம் பக்கத்தில் பெண்களை நர்சிங்கில் சேர்ப்பது போலத்தான்.

பதின்வயதில் அப்பா போய்விட்டார். அரசாங்கப் பயிற்சி, அரசாங்கம் சொல்கிற கோச், அரசாங்கம் சொல்கிற ஊரில் ஆட்டம். ஒரு கட்டத்தில் போதுமடா சாமி என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் படிக்கப் போய்விட்டார். அந்த இடத்தைப் படித்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பயந்துபோகிற அளவுக்கு "சபாஷ்" என்றேன்.

பிறகு திரும்பி வந்தார். கொஞ்ச வருடங்கள் கழித்து, என் கோச்சை நானே வைத்துக்கொள்வேன், என் ஆட்டத்தை நானே தீர்மானிப்பேன் என்று ஒரு வழியாக அனுமதியும் வாங்கினார். அந்த ஊரில் அப்படிக் கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சாம்பாருக்குப் பருப்பு மாற்றவே மூன்று பேரைக் கேட்க வேண்டும்.

புருஷன் ஒரு கோச்

சீனாக்காவிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய வாய். கணவர்தான் கொஞ்ச காலம் கோச்சாக இருந்தார். ராத்திரி முழுக்க இவர் குறட்டை விட்டதில் எனக்குத் தூக்கம் போச்சு என்று மைதானத்திலேயே மைக்கில் சொன்னவர் சீனாக்கா. ஆட்டம் சரியில்லாதபோது கேலரியில் இருக்கும் கணவரைப் பார்த்துக் கத்துவதும் உண்டு. பின்னால் வேறு ஒரு கோச்சை வைத்துக்கொண்டு, கணவரைக் கணவராக மட்டும் வைத்துக்கொண்டார். கல்யாணம் தப்பித்தது.

மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் இரண்டு தடவை தோற்றார். அதில் ஒரு தடவை கால் மடங்கி விழுந்து, தலையில் அடிபட்டு, எழுந்து வந்து ஆடித் தோற்றார். மூன்றாம் தடவை ஜெயித்தார். அதை எங்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். என் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். மூத்தார் நாற்காலியில், நான் சமையலறை நிலைப்படியில்.

பரிசை வாங்கிக்கொண்ட சீனாக்கா, என்னைக் கட்டிக்கொண்டதால் நீ அதிர்ஷ்டக்காரன் என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார் மூத்தார். தம்பி சொன்னார்.

"என்னடா இது, இத்தனை பேரு முன்னால புருஷனை இப்பிடிப் பேசுது?" என்று டிவியிடம் சொன்னார் மூத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அதே டிவியிடம், "நல்லாத்தான் பேசுது" என்றார்.

டிவியிடம் சொன்னார் என்று எழுதியது விளையாட்டுக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும். அவருக்கும் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்வார். தம்பி இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வார். மாடு மேயப் போயிருந்தால் காப்பி டம்ளரிடம், "சர்க்கரை கம்மி" என்று சொல்வார். கல்யாணமாகிப் பத்து வருடம் வரை, இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, ஒரு வாக்கியம் பேசியதில்லை நாங்கள்.

களம்

என் வீட்டுக்காரர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, குடியிருப்பில் யாரோ வேண்டாமென்று போட்ட இரண்டு மட்டைகளும் ஒரு பை நிறையப் பழைய பந்துகளும் கொண்டுவந்தார். கழுத்து வலிக்கு மருந்து தயார்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுக் களம். அறுவடை மெஷின் வந்த பிறகு, நெல் வயலிலிருந்து நேரே மூட்டையாகிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினால்தான் களத்துக்கு வேலை. குறுவை, தாளடி அறுப்பில் சில நாட்கள் போக, மீதி நாளெல்லாம் அங்கே காக்காய்தான் ஆடிக்கொண்டிருந்தது.

வலையைப் பழைய மீன் வலையில் அவரே தைத்தார். அதிராம்பட்டினத்து நண்பர் கொடுத்தது, முதல் மாதம் முழுக்கக் கருவாட்டு வாசனை. கோடு போடுவதில் அவர் மன்னன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெயிண்ட் மிச்சமிருந்தது. மிச்சத்தை வீணாக்க மனம் வராமல், கடைசிக் கோட்டை ஒரு சாண் அகலத்துக்கு இழுத்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கிய முதல் நாளே சண்டை. புள்ளி இல்லாததற்கு டென்னிசில் 'லவ்' என்று பெயர். களத்தின் நடுவில் நின்று என் வீட்டுக்காரர் "பதினஞ்சு லவ்" என்று கத்தியபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மூத்தார் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து 'பதினஞ்சு பூஜ்யம்'.

பந்து வாய்க்காலில் விழுந்தால் போனது போனதுதான். கீழண்டை ஊர்க்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மறியல் நடந்த வருடத்திலும் எங்கள் பந்து போய்ச் சேர்ந்திருந்தது. தண்ணீரே இல்லாமல் எப்படிப் போனது என்று பொதுப்பணித் துறைதான் ஆராய வேண்டும்.

பெரிய சண்டை கோட்டால் வந்தது. ஒரு சாண் அகலக் கோட்டில் பந்து விழாமல் எங்கே விழும்? நான் உள்ளே என்பேன், அவர் வெளியே என்பார். மூன்றாம் நாள் சமையல் நின்றது. நான்காம் நாள் அவர் சிங்கப்பூர் அனுபவஸ்தரின் குரலில் தீர்ப்புச் சொன்னார்.

"இங்க பாரு வசந்தி. இது வரப்பு மாதிரி. வரப்பு யாருது? ரெண்டு பேருக்கும் பொது. அதனால கோட்டுல விழுந்தா யாருக்கும் இல்ல. 'வரப்பு'ன்னு சொல்லிட்டுப் பந்தைப் பிடிச்சுத் திரும்பப் போட்டுக்கலாம்."

எவ்வளவு நியாயமாக இருந்தது என்கிறீர்கள். சிங்கப்பூரிலும் இப்படித்தானா என்று கேட்டேன். உலகம் முழுக்க இப்படித்தான் என்றார். மூன்று வருடம் அப்படித்தான் ஆடினோம். டிவியில் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். அங்கே கோடு நூல் மாதிரி இருந்தது. வரப்பே இல்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டா, கோர்ட்டா

மூத்தார் சொந்தமாக அறுவடை மெஷின் வாங்கினார். மழையில் நனையாமல் நிறுத்த ஷெட் வேண்டும். களம்தான் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போடலாம், ஆனால் மெஷின் திரும்ப இடம் நெருக்கடி.

அதற்கு முந்தைய வாரம்தான் நான் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. நான் நிற்கும்போதே தம்பியிடம் சொன்னார்: "ஜெயிச்சுட்டு வரச் சொல்லு. களம் அதுக்கே. ஷெட்டைக் கொட்டாய்க்குப் பின்னால போட்டுக்கறேன். தோத்துட்டா களத்துலதான் ஷெட். பாதிக் களம் போயிரும்."

நான் தம்பியிடம், "சரின்னு சொல்லுங்க" என்றேன். தம்பி, "சரியாம்ணே" என்றார்.

அந்தக் களத்தில்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கென்று ஒரு மணி நேரம் இருந்தது. அதை இழக்க எனக்கு மனமில்லை. சாயங்காலம் வந்து புடவையை மாற்றிச் சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டால் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் கேட்காது.

மரத்தடி

போட்டிக்கு வருவோம். ஐந்துக்கு நான்கு என்று முன்னால் இருந்தேன். இன்னும் ஒரு புள்ளி. எதிரே இருந்த பெண் ஓங்கி அடித்த பந்து கடைசிக் கோட்டின் மேல் விழுந்து எழும்பியது. திருப்பி அடிக்கச் சுலபமான பந்து. அவள் வலைக்குப் பக்கத்தில் தடுமாறி நின்றாள், அரை மைதானம் காலியாக இருந்தது. நான்தான் பந்தைப் பிடித்து "வரப்பு" என்றேனே.

நடுவர் பொறுமையாகச் சொன்னார்: "கோட்டுல பட்டா உள்ளதான்மா. கோடு கோர்ட்டோட சேர்ந்தது."

மூன்று வருடமாகக் கோட்டில் விழுந்த என் பந்துகள் எல்லாம் உள்ளே விழுந்தவை. அத்தனையையும் பொது என்று விட்டுக்கொடுத்திருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டே அடுத்த புள்ளியை விட்டேன், அதற்கடுத்ததையும் விட்டேன், ஏழுக்கு ஐந்து என்று ஆட்டத்தையும் விட்டேன். நில அளவைக்காரியிடம் வரப்பில் தோற்றவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

மைதானத்து ஓரத்தில் வேப்பமரம். அதன் அடியில் கறுப்புக் குடை ஒன்று தெரிந்தது. குடைக்குக் கீழே இருந்தவர் யாரென்று நான் கவனிக்கவில்லை.

ஆட்டம் பார்க்க வந்திருந்த என் வீட்டுக்காரரும் நானும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அய்யம்பேட்டை தாண்டியதும் சொன்னேன்: "நாளையிலேர்ந்து நீங்க கோச் இல்ல."

"அப்ப நான் யாரு?"

"புருஷன் மட்டும்தான்."

"ரெண்டுக்கும் சம்பளம் இல்ல. பரவால்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அழுகை முந்திக்கொண்டது. மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பி, தெரியாத மாதிரி வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நூல் பிடித்த அன்று

மூத்தாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஊரில் அவர் வரப்பு வெட்டுவதில் பேர்போனவர். ஒவ்வொரு உழவுக்கும் மண்வெட்டியால் வரப்பைச் சீர் பண்ணுகிற சாக்கில் தன் பக்கம் ஒரு விரற்கடை செதுக்கிக்கொள்வார். அடுத்த வயல்காரரும் சளைத்தவரில்லை. நாற்றுக் கட்டோடு இரண்டு பேர் ஒதுங்கி நடந்த வரப்பு, இப்போது நண்டு நடக்கவே யோசிக்கிறது. இந்த மனிதர் ஒரு விரல் மண்ணை யாருக்கும் விட்டு யாரும் பார்த்ததில்லை.

தோற்ற மறுவாரம் கொத்தனாரோடு களத்துக்கு வந்தார். நான் கையில் காப்பி டம்ளரோடு கொல்லை வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரர் குற்றவாளி போல நூல்கண்டைப் பிடித்திருந்தார்.

"நடுவுல வேணாம்டா" என்றார் மூத்தார், தம்பியிடம். "ரோட்டுலேர்ந்து இந்தக் கடைசிக் கோடு வரைக்கும் போதும். மெஷின் மூக்கு கொஞ்சம் வெளிய நிக்கட்டும்."

"தோத்தா பாதிக் களம்னு சொன்னீங்களேண்ணே?"

"நான் பாத்தேன்டா. மெஷினுக்கு பெல்ட் வாங்கப் போனவன், மரத்தடியில நின்னு பாத்தேன். ஆட்டத்துல தோக்கல. வரப்புல தோத்துச்சு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நம்ம வீட்டுல இப்பிடி ஒரு ஆளு."

கொத்தனாருக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அவர் குனிந்து, "ஐயா, சுவரு கோட்டு மேல வருதா, கோட்டுக்கு அந்தாண்டையா?" என்று கேட்டார்.

மூத்தார் தம்பியைப் பார்த்தார். தம்பி திருந்துவாரா? "கோடு பொதுதானேண்ணே. பாதி எடுத்துக்கலாம்" என்றார்.

"கோடு உள்ள, மாமா."

சொன்னது நான்தான். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. கொத்தனார் நிமிர்ந்தார். என் வீட்டுக்காரர் கையிலிருந்து நூல்கண்டு விழுந்து உருண்டது. மூத்தார் என் பக்கம் திரும்பினார். பத்து வருடத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

நிறுத்தினால் இனி பேச வராது என்று தெரிந்தது. "கோட்டுல விழுந்தா உள்ளதான், மாமா. கோடு கோர்ட்டோட சேர்ந்தது. அது தெரியாமத்தான் தோத்தேன். இப்பத் தெரியும்."

அவர் தம்பியிடம் திரும்பவில்லை. மாட்டையும் தேடவில்லை.

"முழுக் கோடுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"முழுக் கோடும், மாமா."

குனிந்து அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தார். கையை விரித்து வைத்து அளந்தார். சரியாக ஒரு சாண். பிறகு கொத்தனாரிடம், "ஒரு சாண் தள்ளி நூலைக் கட்டுய்யா" என்றார்.

இன்று

சீனாக்காவுக்கு முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அவரைப் பார்த்து மட்டை பிடித்த பெண் ஒருத்தி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதை இந்தக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பக்கத்தில் நில அளவைக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஆட வருகிறாள். வந்த முதல் நாளே டேப்பைப் போட்டு அளந்து, எங்கள் கோர்ட் இரண்டடி குட்டை என்று கண்டுபிடித்தவள். என் வீட்டுக்காரர் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஷெட் அடிச்சுவருக்கு மேல் தகரத்தில் போட்டது. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்க இடமில்லை என்பதால் நான் முன்னால் நின்று, பந்து எழும்பும்போதே அடிக்கப் பழகிவிட்டேன். தப்பிய பந்து தகரத்தில் டமாரென்று மோதும். உள்ளே மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும் மூத்தார், தலையை வெளியே நீட்டாமலே கேட்பார்.

"உள்ளயா, வெளியயாம்மா?"

நான் பதில் சொல்கிறேன்.